எழுபத்து நான்கு

தாம்பரத்துக்குத் தெற்கே, பெருங்களத்தூரில் நாங்கள் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வீட்டிற்கும் ரயில் நிலையத்திற்கும் நடுவில் ஜி.எஸ்.டி. சாலை. ஆற்றைக் கடப்பதைப் போலத்தான் இங்குள்ளோர் அதைக் கடப்பதைப் பற்றிப் பேசுவார்கள். நேரம் பார்க்க வேண்டும், துணை பார்க்க வேண்டும்.

2019ஆம் ஆண்டு மார்கழி மாலை ஒன்றில், காய்கறி வாங்கித் திரும்பிய அம்மாவை ஒரு கார் உரசிவிட்டுச் சென்றது. நிற்கவில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டவர் எவருமில்லை. இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, அம்மா கைத்தடியுடன் நடக்க ஏழு மாதங்களாயின. வேகத்தை அளக்க இச்சாலையில் ஒரு கருவி இருக்கக் கூடாதா என்று அந்நாட்களில் நாங்கள் அங்கலாய்க்காத நாளில்லை.

2024இல் அப்படியொரு கருவி எங்களையே பிடித்தது. நகருக்குள் ஒரு திருமண வரவேற்புக்குச் சென்று இரவில் திரும்பியபோது, 60 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாத சாலையில் எங்கள் கார் 74 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அபராதம் 1,000 ரூபாய்.

முதலில் வந்தது கோபம்தான். கருவி பிசகியிருக்கும் என்றோம். சாலை காலியாக இருந்ததே என்றோம். வழக்காடும் எண்ணத்துடன் விதிகளைத் தேடிப் படித்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 136ஏ பிரிவு மின்னணுக் கண்காணிப்புக்கு வழி செய்கிறது. அதற்கான 167ஏ விதி 2021 ஆகஸ்டில் வந்தது. கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கண்காணிப்பு உண்டென்னும் பலகை முன்கூட்டியே நிற்க வேண்டும். 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பலகை இல்லை என்று வாதிடலாமென அடுத்த வாரம் போய்ப் பார்த்தோம். பலகை இருந்தது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

சென்னைப் பெருநகரில் கார்களுக்கு 60, இரு சக்கர வண்டிகளுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30 என்னும் வரம்புகள் 2023 நவம்பர் 4 முதல் நடைமுறைக்கு வந்தன. ரேடார் அலை வண்டியில் பட்டுத் திரும்புகையில் அதன் அதிர்வெண் மாறுகிறது. அம்மாற்றமே வேகத்தைச் சொல்லிவிடுகிறது. உடனிருக்கும் கேமரா எண் பலகையை வாசிக்கிறது. எண்ணைக் கொண்டு பதிவேட்டில் உரிமையாளரைக் கண்டறிந்து செய்தி அனுப்பப்படுகிறது.

இதில் ஓட்டைகளும் உண்டு. கருவி இருக்குமிடத்தில் பிரேக்கை மிதித்துவிட்டு, தாண்டியதும் பறப்பவர்களை நாம் அறிவோம். இரண்டு இடங்களில் எண்ணை வாசித்து, இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறை இதற்கு மாற்று. பத்துக் கிலோமீட்டரை ஏழரை நிமிடத்துக்குள் கடந்தவர் எப்படியும் எங்கோ 80ஐத் தாண்டியிருக்கிறார். ஆயினும் எந்தக் கருவியும் சாலையைக் கடக்க வழி அமைத்துத் தராது. அதற்கு நடைமேம்பாலமும் சிக்னலும் வேண்டும். செய்தி வரும்போது நடந்தது நடந்து முடிந்திருக்கும்.

பதினான்கு கிலோமீட்டர்தானே என்று ஒரு சமாதானம் மிச்சமிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 60இல் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. 74இல் 21 மீட்டர். மோதும் ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. ஆகவே அது ஒன்றரை மடங்கு. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022இல் மட்டும் தமிழகச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நாட்டிலேயே நம் மாநிலம்தான் முதலிடம்.

இரவு உணவின்போது அம்மாவிடம் சொன்னோம்.

"எவ்வளவு வேகத்துல போனீங்க?" என்றார்.

"எழுபத்து நாலு."

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு கேட்டார்: "அன்னிக்கு அந்தக் கார் எவ்வளவு வேகத்துல வந்திருக்கும்?"

எங்களிடம் விடை இல்லை. அதை அளந்தவர் யாருமில்லை. எழுபத்து நான்காகவே இருந்திருக்கலாம். ஓட்டியவரும் ஏதோவொரு விசேஷத்திலிருந்து வீடு திரும்பியவராக இருந்திருக்கலாம். சாலை காலியாக இருக்கிறது என்று அவருக்கும் தோன்றியிருக்கலாம். ஐந்து ஆண்டுகளாக நாங்கள் மனத்துக்குள் சபித்து வந்த அந்த மனிதருக்கு அன்றுதான் முதன்முதலாக ஒரு முகம் கிடைத்தது. எங்கள் முகம்.

அபராதத்தை அன்றிரவே கட்டிவிட்டோம். இப்போதெல்லாம் பெருங்களத்தூர் எல்லை வந்ததும் முள் நாற்பதுக்கு இறங்கிவிடுகிறது. பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.