அழிப்பதற்கு முன் பிரித்து வையுங்கள்

ஒன்று சிக்கலாகிவிட்டால், "எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்று தோன்றுவது இளவயதின் வேகம். என் பேரனும் அப்படித்தான் சொன்னான். அவன் சொன்னது ஒரு கம்ப்யூட்டர் கேமைப் பற்றி. ஆனால் அந்தச் சொல்லை வேலை, படிப்பு, உறவு என்று எல்லாவற்றையும் பற்றிப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த கேமின் பெயர் யூரோ டிரக் சிமுலேட்டர் 2. செக் நாட்டின் எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 2012இல் வெளியிட்டது. ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் சரக்கு லாரி ஓட்ட வேண்டும். நம் பிள்ளைகள் அதில் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தையும் கர்நாடக அரசுப் பேருந்தையும் ஓட்டுகிறார்கள். ஆர்வலர்கள் செய்து தரும் இந்தச் சேர்க்கைகளுக்கு மோட் என்று பெயர். பேருந்து ஒரு மோட், ஹாரன் ஒரு மோட், சாலை ஒரு மோட். தன் ஊர் வண்டியைத் திரையில் பார்க்கும் ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் கேம் புதிய பதிப்புக்கு மாறும்போது, பழைய பதிப்புக்காகச் செய்த மோட் ஒத்துப்போகாமல் போகலாம். இரண்டு மோட்கள் ஒரே ஃபைலுக்குப் போட்டி போடலாம். அப்போது கேம் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும்.

பேரன் கேமை அன்இன்ஸ்டால் செய்து திரும்ப ஏற்றினான். அதே கோளாறு திரும்ப வந்தது. காரணம் இதுதான்: இந்த கேமில் மோட்கள் கேம் இருக்கும் ஃபோல்டரில் தங்குவதில்லை; டாக்குமெண்ட்ஸுக்குள் 'மோட்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. கேமை அழித்தாலும் அவை அப்படியே இருக்கும். வாழ்க்கையிலும் அப்படித்தான். 2001 பிப்ரவரி 28இல் கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, பிழைப்பைத் தேடி பெங்களூருக்குப் போனவர்களை நிறையப் பார்த்தவன் நான். இடத்தை மாற்றியதும் பழைய கடனும் கோபமும் தீர்ந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அவை தீரவில்லை. கூடவே போன கோளாறு புது வீட்டிலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது.

சரியான முறை நிதானமானது. கேம் திறக்கும் நிலையில் இருந்தால், மோட் பேருந்திலிருந்து இறங்கி, கேமோடு வந்த சொந்த லாரிக்கு மாற வேண்டும். கையில் இருக்கும் சரக்கை முடித்துவிட்டு, கராஜில் நிறுத்தி, சேவ் செய்ய வேண்டும். 'ப்ரொஃபைல்ஸ்' ஃபோல்டரில்தான் விளையாடியவரின் உழைப்பெல்லாம் இருக்கிறது: ஓட்டிய தூரம், சேர்த்த பணம், வாங்கிய கராஜ். அதை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். அதன் பிறகுதான் மோட் ஃபோல்டரைக் காலி செய்ய வேண்டும். உழைத்துச் சேர்த்தது எது, மேலே ஒட்டிக்கொண்டது எது என்று பிரித்தறிவதுதான் இதில் பாதி வேலை.

எல்லா கேமும் இவ்வளவு நல்ல மாதிரி நடந்துகொள்வதில்லை. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் போடும் பழைய மோட்கள் பல, கேமின் சொந்த ஃபைலின் மேலேயே எழுதிவிடும். கேம் விற்கும் ஸ்டீம் தளம் வழியாக வாங்கியது என்றால், ஃபைல்களைச் சரிபார்க்க ஒரு வசதி உண்டு. அது ஒவ்வொரு ஃபைலையும் மூலத்தோடு ஒப்பிட்டு, மாறியதையும் காணாமல் போனதையும் மட்டும் திரும்ப இறக்கித் தரும். ஆனால் வெளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஃபைலை அது தொடாது. நாம்தான் தேடி எடுக்க வேண்டும். கெட்டுப்போனதைப் பிறர் சரிசெய்து தரலாம். நாமே உள்ளே விட்டதை நாமே வெளியேற்ற வேண்டும்.

கெட்டுப்போனதை மட்டும் சரிசெய்தால் போதும் என்பதை எங்கள் ஏரியும் சொல்கிறது. எங்கள் ஊரான பேத்தமங்களாவின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம். பாலாற்று நீரைத் தேக்கும் இந்த ஏரி உடைந்ததையும், 10ஆம் நூற்றாண்டில் நுளம்ப மன்னன் இரிவ நுளம்பன் அதைச் சீர்செய்ததையும், 12ஆம் நூற்றாண்டில் ஹொய்சளப் படைத்தலைவன் ஒருவன் மறுபடி சீர்செய்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. உடைந்தது என்று யாரும் ஏரியைக் கைவிட்டு வேறு ஏரி வெட்டப் போகவில்லை. இருந்த கரையை வைத்துக்கொண்டு, உடைந்ததை அடைத்தார்கள். அதனால்தான் பல நூற்றாண்டுகள் கழித்தும், இங்கிருந்து குழாய் வழியே தங்கவயலுக்குக் குடிநீர் போனது.

ஆனால் மூலம் இல்லாதவையும் உண்டு. இங்கிருந்து சிறிது தூரத்தில் தங்கவயலின் சயனைடு மேடுகள் நிற்கின்றன. நூறாண்டுக்கு மேலாகப் பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. காற்றடித்தால் அந்தத் தூசி குடியிருப்புகளுக்குள் வருகிறது. அந்த மண்ணை அரைக்கும் முன் இருந்த நிலைக்குக் கொண்டுவர எந்தச் சர்வரிலும் நகல் இல்லை. உடம்பும் அப்படித்தான். ஒருவர் நம்மேல் வைத்த நம்பிக்கையும் அப்படித்தான். கேமில் பிழை செய்து கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு அது நல்ல இடம். திரும்ப இறக்கிக்கொள்ள முடியாதவற்றில் கை வைக்கும்போது மட்டும் நூறு முறை யோசியுங்கள்.

கேமை மீட்டெடுத்தபின் மோட்களை மொத்தமாகத் திரும்பக் கொட்டாதீர்கள். மோட் எதுவும் இல்லாமல் கேம் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரு மோட் சேர்த்து ஓட்டுங்கள். சரியாக இருந்தால் அடுத்தது. எது கோளாறு என்று தெரியாவிட்டால் பாதியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குற்றவாளி எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கேம் தானே எழுதி வைக்கும் லாக் ஃபைலையும் திறந்து படியுங்கள். எங்கே இடறியது என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

பிள்ளைகளே, புதிதாகத் தொடங்குவது நல்லதுதான். ஆனால் கோபத்தில் தொடங்காதீர்கள். உங்கள் உழைப்பை முதலில் பத்திரப்படுத்துங்கள், ஒட்டியதை நீக்குங்கள், மூலத்தோடு ஒப்பிடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றாதவர்களுக்கு இழப்பு குறைவு.