ஆசியக் கரையோரம் – 7: வடாலாவின் சேறு

மும்பையின் வடாலா ரோடில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் சிவ்ரி. கிழக்கே இறங்கி, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஜெட்டிவரை நடக்க வேண்டும். ஓதம் வடியும் நேரம் பார்த்துப் போனால்தான் சேற்றுவெளி தெரியும்.

அங்கே நின்றன பூநாரைகள். கோடியக்கரையில் நான் பார்த்த பெரிய பூநாரையைவிட இவை குள்ளம், அலகு கருஞ்சிவப்பு. அந்த அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரை உறிஞ்சி, பாசியை வடிகட்டித் தின்கின்றன. பாசியில் உள்ள நிறமிதான் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. பனிக்காலமென்றால் வடக்கிலிருந்து கருவால் மூக்கனும் வந்து சேரும். சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல்வரை 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் இந்தச் சேறும் ஒரு சாப்பாட்டுக் கூடம். 2015இல் அறிவித்த தாணே கழிமுகப் பூநாரை சரணாலயமோ வடக்கே ஐரோலிப் பக்கம். ஓதத்துக்கு ஏற்ப இடம் மாறும் பறவைக்கு அந்த எல்லைக்கோடு எப்படித் தெரியும்?

கரையோர அலையாத்தி மரமான வெண்கண்டலின் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியேற்றும் மரம் அது. 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, வெள்ளத்தைத் தாங்க இந்த மரமும் உப்பளமும் எவ்வளவு முக்கியம் என்று மும்பைக்கு உறைத்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அலையாத்தி அழிப்புக்குத் தடை போட்டது.

உப்பளத்தை மட்டும் இன்னும் வெற்று நிலமாகவே பார்க்கிறார்கள். 2024இல் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பளங்களில் சுமார் 255 ஏக்கரை, தாராவிக் குடிசைப் பகுதி மறுசீரமைப்பில் அங்கேயே வீடு பெறத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படுபவர்களின் குடியிருப்புக்குக் கொடுக்க மாநில அரசு முடிவெடுத்தது. பள்ளத்து நிலம் அது. மழைநீரும் கடல்நீரும் தங்கும் இடத்தில் ஏழைகளைக் குடியேற்றிவிட்டு, பறவைக்கும் மனிதருக்கும் சண்டை என்று சொல்வது அநியாயம்.

வடாலாவுக்குத் திரும்பி, திருநெல்வேலிக்காரர் ஒருவரின் டீக்கடையில் இதைச் சொன்னேன். அவருக்குச் சொந்தபந்தமெல்லாம் தாராவியில். “அந்த வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில நின்னவங்க நாங்க, சார். உப்பளத்துல வீடு வேணும்னு எங்காளுங்க எவன் கேட்டான்? இருக்கிற எடத்துலயே கொடுங்கன்னுதான கேக்கோம்” என்றார்.

(அடுத்த வாரம்: ஐரோலி)