குராபிக்காவின் சங்கிலி

நென் எண்டா என்ன எண்டு கேக்கிறவைக்கு நான் குராபிக்காவின் சங்கிலியைத்தான் சொல்லுவன்.

யொஷிஹிரோ தொகாஷியின் 'ஹன்டர் ஹன்டர்' கதையில், உடலிலிருந்து கசியும் உயிர்ச்சக்தியைக் கட்டுப்படுத்துவதே நென். அதை உடலைச் சுற்றிப் பிடித்திருப்பது தென், அடைப்பது ஸெட்சு, பெருக்குவது ரென், தனக்கேற்ற திறனாக்குவது ஹட்சு.

இதில ஒரு விதி இருக்கு: தனக்குத்தானே போடுற நிபந்தனை எவ்வளவு கடுமையோ, அவ்வளவுக்குப் பலம் கூடும். தன் குலத்தை அழித்த 'சிலந்தி'க் கூட்டத்தைப் பிடிக்க குராபிக்கா ஒரு சங்கிலி உருவாக்குகிறான். வேறு யாரையும் அதால் கட்டினால் அவன் உயிர் போகும். அந்தப் பணயம்தான் உவோகின் மாதிரி ஒரு மலையையே கட்டிப்போட்டது.

முதல் தரம் பாக்கேக்க கைதட்டினன். இப்ப நெஞ்சு அடைக்குது. கூட்டாளி கோனை வேற ஆரும் அடிக்க வந்தா, அந்தச் சங்கிலி சும்மாதான் கிடக்கும். கோபம் தாற பலத்துக்கும் இதே விதிதான் எண்டு நினைக்கிறன்.