அக்குபங்சர்: ஊசி எங்கே குத்தினாலும் ஒன்றுதானா?

அக்குபங்சர் அமெரிக்காவில் பிரபலமானதற்கு ஒரு குடல்வால் காரணம் என்றால் நம்புவீர்களா? 1971 ஜூலையில் சீனா போன நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு பீகிங்கிலேயே குடல்வால் ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்துக்குப் பதில் அக்குபங்சர் ஊசி குத்தித்தான் அறுத்தார்கள் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். தப்பு! மரத்துப்போக வழக்கமான மருந்தைத்தான் போட்டார்கள். இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மூன்று ஊசிகள். ஒரு மணி நேரத்தில் வயிறு லேசானது என்று அவரே எழுதினார்.

சரி, எப்படி? உயிராற்றல் ஓடும் பாதைகளில் குறிப்பிட்ட புள்ளிகளைத் தூண்டினால் அடைப்பு நீங்கும் என்பது சீன மரபு. அந்தப் பாதைகளை உடலை அறுத்துப் பார்த்தவர்கள் யாரும் கண்டதில்லை.

ஜெர்மனியில் 1162 முதுகுவலிக்காரர்களிடம் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறையாக ஊசி குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். வேண்டுமென்றே புள்ளியை விட்டு மேலாகக் குத்தியவர்களில் 44.2! மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 27.4 தான். ஆக, புள்ளிக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது. குத்துவதும், நம்பிக்கையும், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கவனிப்பதும்தான் வேலை செய்கின்றனவோ? ஆனால் வலி குறைந்தது நிஜம்.

நாள்பட்ட முதுகுவலி என்றால் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்று சொன்னால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.