யெல்லோஸ்டோனுக்கு முந்தைய ஓராண்டு

ஜூன் 1, 2024, டென்வர்

அடுத்த கோடையில் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். அவர்களை யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போவதென்று இன்று முடிவாயிற்று. விடுதி வேண்டாம், ஆர்.வி. என்ற வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குள்ளேயே தங்குவோம்.

இந்த முடிவுக்கு முதல் காரணம் அம்மாவின் மூட்டுவலி. ஆர்.வி. என்றால் கழிவறை கூடவே வரும். மதியம் காலை நீட்டிப் படுக்கலாம். மாத்திரை, வெந்நீர், அம்மாவுக்குப் பிடித்த ரசம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

பூங்காவின் வரைபடத்தை மேசையில் விரித்தேன். 1872 மார்ச் 1 அன்று ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட்டு உருவான பூங்கா இது. பரப்பு 8,983 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் என்று போனில் சொன்னதும் அப்பா சற்று நேரம் பேசவில்லை. உள்ளே எட்டு வடிவில் ஓடும் கிராண்ட் லூப் சாலை மட்டும் 142 மைல். அதில் பல இடங்களில் வேக வரம்பு மணிக்கு 45 மைல், சில இடங்களில் அதற்கும் குறைவு. வழியில் காட்டெருமை நின்றால் அந்த வேகமும் கிடையாது. எங்கே தங்குகிறோம் என்பதுதான் எதைப் பார்ப்போம் என்பதையும் தீர்மானிக்கும்.

ஜூன் 5, 2024

பூங்காவுக்குள் 12 முகாம்கள் உண்டு. ஐந்தைப் பூங்காவின் விடுதிகளை நடத்தும் நிறுவனமும் ஏழைத் தேசியப் பூங்காத் துறையும் நடத்துகின்றன. அந்த ஐந்துக்கும் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி, அடுத்த ஆண்டின் அதே மாதத்துக்கான பதிவு திறக்கிறது. ஜூன் மாதம் வேண்டுமென்றால் இன்றே உட்கார வேண்டும். உட்கார்ந்தோம், கிடைத்தது.

முதல் பாதி ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கில். மின்சாரம், குடிநீர், கழிவுக் குழாய் மூன்றும் வண்டியோடு இணையும் இடம் பூங்காவுக்குள் இது ஒன்றுதான். கெட்டியான சுவருள்ள வண்டிகளுக்கு மட்டுமே அங்கே அனுமதி. கூடாரம் கூடாது, துணிச்சுவர் கொண்ட மடிப்பு டிரெய்லரும் கூடாது. அது கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம். யெல்லோஸ்டோன் ஏரியிலிருந்து ஆறு வெளியேறும் முகம் அங்கேதான். கட்த்ரோட் டிரவுட் மீன்கள் முட்டையிடும் நீர்நிலை. அந்த மீன்களுக்காகவே அங்குள்ள பாலத்திலிருந்து தூண்டில் போடுவதை 1973இல் நிறுத்திவிட்டார்கள்.

இந்தச் சுவர் விதியின் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் விடுதிகளின் எச்சில் குப்பையைக் கரடிகள் தின்பதைப் பார்க்க, குப்பைக் கிடங்குக்கு எதிரே படிவரிசை இருக்கைகள் போட்டிருந்தார்கள். சாலையோரத்தில் கார் சன்னல் வழியே ரொட்டி ஊட்டினார்கள். 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயம்பட்டார்கள். மனிதச் சோற்றுக்குப் பழகிய கரடிகளோ கொல்லப்பட்டன. 1970இல் கடைசிக் கிடங்கையும் மூடி, உணவு விதிகளை இறுக்கிய பிறகுதான் இரு தரப்புக்கும் நிம்மதி வந்தது. பதிவுப் படிவத்தில் 'கெட்டிச் சுவர்' என்ற கட்டத்தில் குறி வைத்தபோது இவ்வளவும் நினைவில் ஓடியது.

பின் பாதி மேடிசனில். அங்கே எந்த இணைப்பும் இல்லை. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற கெய்சர், அதாவது விட்டுவிட்டுப் பீறிடும் வெந்நீர் ஊற்று, அங்கிருந்து 16 மைல்தான். இரண்டு முகாம், ஒரே ஒரு இடமாற்றம். தினம் ஓர் ஊர் என்று ஓடுவதை அம்மாவின் முழங்கால் தாங்காது.

ஜூலை 24, 2024

நேற்றுக் காலை பிஸ்கட் பேசின் என்ற இடத்தில் பூமி வெடித்தது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லுக்கு வடக்கே சில நிமிடத் தொலைவு. எரிமலை வெடிப்பு இல்லை. நிலத்தடியில் அதிக ஆழமில்லாத இடத்தில் அடைபட்ட கொதிநீர் ஒரே கணத்தில் நீராவியாக மாறியதால் நேர்ந்தது. கறுப்புச் சேறும் கல்லும் மரத்துக்கு மேல் எழும்ப, மரப்பலகை நடைபாதையில் நின்றவர்கள் ஓடும் காணொளியை மகளோடு பார்த்தேன். நடைபாதை நொறுங்கியது, யாருக்கும் காயமில்லை என்பது பெரிய ஆறுதல்.

எங்கள் பட்டியலில் அந்த இடம் இருந்தது, இன்று அடித்துவிட்டேன். பூங்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளும் சேற்றுக் கொப்பரைகளும் ஆவித் துளைகளும் உண்டு. உலகில் இயங்கும் கெய்சர்களில் பாதிக்கு மேல் இங்கேதான். உறுதியாகத் தெரியும் தரை பல இடங்களில் மெல்லிய ஓடு. நடைபாதையை விட்டு இறங்கியோ தவறி விழுந்தோ இதுவரை இருபதுக்கும் மேற்பட்டோர் கொதிநீரில் இறந்திருக்கிறார்கள். பலகையை விட்டு ஓரடிகூட இறங்கக்கூடாது என்பதை மகளிடம் இனி நான் அழுத்திச் சொல்லத் தேவையில்லை. அவளே தாத்தாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 17, 2024

பூங்காவின் சாலைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. குளிர்காலம் முழுக்கக் கார் போகக்கூடியது வடக்கு வாசலுக்கும் வடகிழக்கு வாசலுக்கும் இடையிலான பாதை மட்டும்.

எங்கள் வழியை இன்று முடிவு செய்தோம். டென்வரிலிருந்து ஐ-25 நெடுஞ்சாலையில் காஸ்பர். அங்கிருந்து தெர்மோபொலிஸில் ஓர் இரவு. மறுநாள் கோடி நகர் வழியாகக் கிழக்கு வாசல், சில்வன் கணவாய், ஃபிஷிங் பிரிட்ஜ். ஏறத்தாழ 580 மைல். ஐ-80ஐத் தவிர்த்ததற்குக் காரணம் காற்று. வயோமிங்கில் அந்தச் சாலையில் உயரமான, கனம் குறைந்த வண்டிகளைக் காற்று கவிழ்த்துவிடும் என்று தடை போடும் நாட்கள் உண்டு. ஐ-25இலும் வீட்லண்ட் பக்கம் காற்று பலமாக வீசும். அதனால் விடியற்காலையிலேயே கிளம்பி அந்தப் பகுதியைக் கடந்துவிட வேண்டும்.

மாற்று வழியும் வேண்டும். 2022 ஜூன் 13 அன்று கனமழையும் உருகிய பனியும் சேர்ந்து வந்த வெள்ளம், வடக்கு வாசலில் கார்டினருக்கும் மாமத்துக்கும் இடையே ஆற்றோரச் சாலையை அரித்துத் தின்றது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வெளியேற்றப்பட்டார்கள். பழைய குதிரைவண்டித் தடத்தை அகலப்படுத்தித் தார் போட்டு, அதே ஆண்டு அக்டோபர் 30இல் வடக்கு வாசலைத் திறந்துவிட்டார்கள். அந்த உழைப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும். நாங்கள் போவதும் ஜூனில்தான். கிழக்கு வாசல் மூடினால் தெற்கே சுற்றி கிராண்ட் டீட்டன் வழியாக நுழையும் பாதையையும் எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 22, 2025

வாடகை வண்டியைப் பார்த்துவிட்டு வந்தோம். 25 அடி நீளம், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே கட்டில் உள்ள 'கிளாஸ் சி' வகை. முகாம் பதிவில் வண்டி நீளம் கேட்டிருந்தார்கள். பின்புற ஏணி, பம்பர் எல்லாம் சேர்த்து அளந்து சரிபார்த்தேன்.

கடைக்காரர் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் முறையை முழுக்கச் செய்து காட்டினார். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். குழாயின் ஒரு முனையை வண்டியின் அடியில் திருகிப் பூட்டி, மறுமுனையைத் தரையிலுள்ள துளையில் இறுக்க வேண்டும். முதலில் 'பிளாக் டேங்க்', அதாவது கழிவறைத் தொட்டி. இழுவைப் பிடியை இழுத்ததும் குழாய் ஒரு முறை துள்ளும். ஓசை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிடியைத் தள்ளி மூடிய பிறகே 'கிரே டேங்க்', குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். வரிசை மாறினால் அசுத்தம் குழாயிலேயே தங்கிவிடும். என்னையும் ஒரு முறை செய்யச் சொன்னார், செய்தேன்.

மேடிசனில் குழாய் இணைப்பு இல்லாததால் தண்ணீர்க் கணக்கு முக்கியம். 40 காலன் நல்ல தண்ணீர்தான் எங்கள் எல்லோருக்கும். பாத்திரத்தைக் காகிதத் துணியால் துடைத்துவிட்டுக் கழுவுவது, குளிக்கும்போது நனைந்ததும் குழாயை மூடுவது, சோப்பு தேய்த்தபின் திறப்பது என்று பழகிக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டர் காலை 8 முதல் இரவு 8 வரைதான் ஓடலாம். உயரம் ஏற ஏற அதன் சக்தியும் குறையும்: ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம். மேடிசன் 6,800 அடி. அப்பாவுக்கு மூச்சுக் கருவி எதுவும் தேவையில்லாததால் இரவு மின்சாரம் பற்றிக் கவலையில்லை. ஆனால் ஜூனிலும் இரவில் குளிர் உறைநிலைப் பக்கம் இறங்கும். ஹீட்டருக்குப் புரொப்பேன் நிறைத்துக்கொள்ள வேண்டும், ஆளுக்கொரு கம்பளியும் வேண்டும்.

ஏப்ரல் 13, 2025

சமையல் பட்டியல். ஃபிஷிங் பிரிட்ஜ் 7,800 அடி உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகு நேரமாகும், குக்கர் கட்டாயம். வண்டியின் கேஸ் அடுப்புக்குப் பொருந்தும் மூன்று லிட்டர் குக்கரை எடுத்து வைத்தேன். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் வீட்டிலேயே செய்துவிடலாம். அதிகாலைக் கிளம்பலுக்கு இட்லியை மிளகாய்ப்பொடி தடவி எடுத்துக்கொள்ளலாம்.

சமைத்து முடித்ததும் ஒரு கரண்டிகூட வெளியே கிடக்கக்கூடாது. அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்க் குடம், பற்பசை வரை வாசனையுள்ள எதுவானாலும் வண்டிக்குள்ளோ இரும்புக் கரடிப் பெட்டிக்குள்ளோ போய்விட வேண்டும். வற்றல் குழம்பின் மணம் கரடிக்கும் அழைப்புதான். இந்த வேலையை அம்மா தானே ஏற்றுக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் அடுப்பங்கரையைத் துடைத்துவிட்டே தூங்கப் போகிறவள். இதைவிடப் பொறுப்பான கை எங்களிடம் இல்லை.

மே 25, 2025

அப்பாவும் அம்மாவும் வந்து சில வாரங்களாகிவிட்டன. டென்வரே ஒரு மைல் உயரம் என்பதால் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கிறது. அப்பா வரைபடத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, ராத்திரி வழியில எங்கயாவது ஓரமா நிறுத்திப் படுத்துக்கலாம்லா?" பூங்காவுக்குள் முடியாது, பதிவு செய்த இடத்தில் மட்டும்தான் என்றேன். நம் வண்டியிலேயே படுக்கை இருந்தாலும் சாலையோரம் விலங்குகளுக்கு விட வேண்டிய இடம். "அது சரிதான்" என்று தலையாட்டினார்.

மாலையில் மகளும் அவரும் நானும் பள்ளி மைதானத்துக்கு அளவு நாடாவோடு போனோம். காட்டெருமைக்கும் எல்க் மானுக்கும் 25 கஜம், 23 மீட்டர். கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம், 91 மீட்டர். ஒரு முனையில் அப்பா நின்றார். மறுமுனைக்கு நடந்து போன மகள், 91 மீட்டரில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா முகமே தெரியலைம்மா" என்றாள். 23 மீட்டரில் நின்றபோது, "இது ரொம்பக் கிட்ட இருக்கே" என்றாள். காட்டெருமை மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடும் என்று சொன்னதும் தானாகவே இன்னும் பத்தடி பின்னால் போனாள். நல்ல பைனாகுலர் ஒன்று வாங்க வேண்டியதுதான்.

ஜூன் 8, 2025

நாள் திட்டம் முடிந்தது. ஆர்.வி.தான் எங்கள் ஒரே வண்டி. எங்கே போனாலும் வீடும் கூட வரும். அதனால் சில இடங்கள் நமக்கில்லை: ஃபயர்ஹோல் லேக் டிரைவிலும் பிளாக்டெய்ல் பிளாட்டோ டிரைவிலும் ஆர்.வி. போக முடியாது. கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றுக்கு அருகே வாகன நிறுத்தம் குறுகலானது. மேடிசனிலிருந்து காலை ஆறு மணிக்கே கிளம்பினால் நிறுத்தக் கிடைக்கும். காலைக் குளிரில் ஆவி அதிகம் எழுவதால் நிறம் மங்கலாகத்தான் தெரியும், பரவாயில்லை. ஊற்றின் ஆரஞ்சு நிறம் வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்களுடையது. இதே பூங்காவின் வெந்நீரில் 1966இல் தாமஸ் பிராக் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரின் நொதிதான் பி.சி.ஆர். சோதனையை எளிதாக்கியது. கொரோனா காலத்தில் அப்பா, அம்மா மூக்கில் குச்சி விட்டுச் செய்த அதே சோதனை. அந்த நொதி வந்த பூங்காவை அவர்கள் பார்க்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன்.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லில் அவசரமே இல்லை. முந்தைய பீறிடல் குறுகியதாக இருந்தால் அடுத்தது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நீண்டதாக இருந்தால் ஒன்றரை மணி நேரம். பத்து நிமிடம் முன்பின்னாகச் சொல்லிவிடுகிறார்கள். பெஞ்சு இருக்கிறது, அம்மா உட்காரலாம்.

லாமர் பள்ளத்தாக்குக்கு ஒரு முழுக் காலை. அங்கே ஓநாய்களைக் கொன்று தீர்த்தது 1920களில். கனடாவிலிருந்து 14 ஓநாய்களைக் கொண்டுவந்து மறுபடி தொடங்கியது 1995இல். மனிதன் அழித்ததை மனிதனே முயன்று மீட்ட இடம். என் மகள் இந்தப் பயணத்தில் ஒன்றைத்தான் பார்ப்பாள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

மாமத் வெந்நீர்ப் படிகளையும் பேர்டூத் நெடுஞ்சாலையையும் டீட்டனையும் விட்டுவிட்டோம். மனமில்லாமல் இல்லை, ஒரே பயணத்தில் அத்தனையையும் திணித்தால் எதையும் பார்த்ததாகாது. இந்த ஓராண்டில் நான் படித்த ஒவ்வொரு விதியும் யாரோ பட்ட துன்பத்திலிருந்தோ ஏதோ உயிரின் இழப்பிலிருந்தோ வந்தது. அவற்றைப் படிக்கப் படிக்கத்தான் அந்த நிலம் எனக்குப் பிடிபட்டது. அதற்கேற்ப எங்கள் வீட்டுப் பழக்கங்களையும் மாற்றிக்கொண்டோம்.

கடைசியாக, ஒவ்வொரு நாளின் பிற்பகலையும் காலியாக வைத்தேன். காட்டெருமை மந்தை சாலையை மறித்தால் நின்று பார்க்க நேரம் வேண்டும். அம்மாவுக்குக் கால் வலித்தால் ஆற்றங்கரையில் உட்கார நேரம் வேண்டும். திட்டத்திலேயே இதற்கு இடம் ஒதுக்காவிட்டால் அங்கே போனபின் கிடைக்காது. அடுத்த ஆண்டு போக நினைப்பவர்கள், 5ஆம் தேதி பதிவுக்கு உட்காரும் முன்பே காலியான பிற்பகல்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.