பித்தளையும் புகையும்

பழம்பொருட்களைப் புதுப்பிப்போர் இரு வகையினர். ஒரு சாரார் பார்ப்பதற்காகப் புதுப்பிக்கின்றனர், மறுசாரார் பயன்படுத்துவதற்காக. இவ்விரு நோக்கங்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. கடந்த கோடையில் ஒரு பழைய படகு எஞ்சினை எங்கள் வீட்டில் பிரித்துப் பூட்டியபோது இதனை விளங்கிக்கொண்டோம்.

எஞ்சினின் பெயர் 'பிரிட்டிஷ் சீகல்'. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பூல் நகரத்தோடு நீண்டகாலம் பிணைந்திருந்த பெயர்; 1990களில் உற்பத்தி நின்றுபோனது. எங்களிடம் வந்துசேர்ந்தது 'ஃபோர்ட்டி பிளஸ்' எனும் 64 சிசி மாதிரி. வரிசை எண்ணைக் கொண்டு பார்த்தால் 1960களைச் சேர்ந்தது. ஈழத்து வழக்கில் சொல்வதானால், வெளியிணைப்பு இயந்திரம். படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டலாம். வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் சுமந்து செல்லலாம். இதற்குக் கிளட்ச் இல்லை, நியூட்ரல் இல்லை. கயிற்றை மேற்சக்கரத்தில் சுற்றி இழுக்க வேண்டும். எஞ்சின் உயிர்பெறும் கணத்திலேயே படகும் புறப்பட்டுவிடும்.

இதன் அமைப்பில் ஒரு பெருந்தன்மை உண்டு. விசிறியைத் தண்டோடு இணைப்பது ஒரு சுருள்வில். விசிறி கல்லில் மோதினால் அதிர்ச்சியை அந்த வில் வாங்கிக்கொள்ளும். கியர்ப்பெட்டிக்குள் நீர் புகுவதை முற்றாகத் தடுக்க எவரும் முயலவில்லை. மிகத் தடித்த எண்ணெயை நிரப்பி, நீரோடு கலந்து அது வெண்கூழாவதை ஏற்றுக்கொண்டார்கள். என்றோ ஒருநாள், எங்கோ ஒருவர், சில சாவிகளை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் திருத்துவார் என்று எண்ணியே செய்திருக்கிறார்கள்.

அந்த ஒருவர் எங்கள் மாமாவாக அமைந்தார். யாழ்ப்பாணக் கரையோரத்தில் படகு எஞ்சின்களைத் திருத்தியவர்; இப்போது எங்களோடு வசிக்கிறார். 1990இல் வடபகுதியின்மீது பொருளாதாரத் தடை விழுந்தபின், பெற்றோல் அங்கே துளிக்கணக்கில் எண்ணப்படும் பொருளாயிற்று. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிடும் வித்தையை அக்காலத்து யாழ்ப்பாணம் அறியும். மாமா அந்தப் பள்ளியில் தேறியவர். சீகலை அவர் முன்பு கண்டதில்லை. எனினும் மேற்சக்கரத்தைக் கழற்றி, கருத்துப்போயிருந்த பொயின்ற் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை அரை மில்லிமீற்றருக்கு வைக்க அவருக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. பிளக்கில் நீலப்பொறி பாய்ந்ததும் எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

கருத்து வேறுபாடு பித்தளைத் தாங்கியில் தொடங்கிற்று. பச்சைக் களிம்பேறிய அதன் அடிப்பகுதியில் யாரோ ஈயம் உருக்கி ஒட்டுப்போட்டிருந்தார்கள். அழகற்ற, ஆனால் உறுதியான ஒட்டு. அதனை நீக்கி, முகம் தெரியுமளவுக்குத் தாங்கியை மெருகேற்ற வேண்டும் என்பது எங்களில் இளையோரின் விருப்பம்.

"தம்பி, அதை மினுக்காதேங்கோ. தகடு தேஞ்சு மெல்லிசாப் போகும். பிறகு ஒட்டுக்குப் பக்கத்திலை ஒழுகும்," என்றார் மாமா.

அதில் பழமைமீதான உருக்கம் எதுவும் இல்லை. தகட்டின் தடிப்பைப் பற்றிய கணக்கு மட்டுமே இருந்தது. தாங்கியின் உட்புறத்தை மட்டும் கழுவி, வெளிப்புறத்தை அப்படியே விட்டோம்.

அடுத்த கேள்வி அவ்வளவு எளிதாக முடியவில்லை. இவ்வகைப் பழைய சீகல்களுக்குப் பத்துப் பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலக்க வேண்டும். அதாவது, ஒரு லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். அந்த எண்ணெயில் எரியாத பகுதி புகையோடு சேர்ந்து நேராக நீருக்குள் போகிறது. நிறுவனமே பிற்காலத்தில் 25க்கு 1 என்ற அளவுக்கு மாறியது. கார்புரேற்றரை அதற்கேற்ப மாற்றினால் பழைய எஞ்சினும் ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றரில் ஓடும். ஆனால் மூலத்தைத் தொடுவது புதுப்பித்தல் ஆகுமா என்ற ஐயம் எங்களுக்கு. எண்ணெய் குறைந்தால் புஷ் இறுகிவிடும் என்ற அச்சம் மாமாவுக்கு. இரண்டு நாட்கள் பேசினோம். முடிவில் மாமாவே சொன்னார்: "எங்கடை களப்பிலை எண்ணெய் மிதந்தால் பிடிச்ச இறாலும் நாறும். மாத்துவம்."

மாற்றினோம். நீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கிக் கயிற்றை இழுத்தோம். நான்காம் இழுப்பில் எழுந்தது. புகை முற்றாக ஒழிந்துவிடவில்லை, குறைந்திருக்கிறது. ஆகவே ஆண்டில் சில நாட்கள் மட்டும், கொஞ்ச நேரம் ஓட்டுவது என்று எங்களுக்குள் வரம்பு வகுத்துக்கொண்டோம்.

புதுப்பித்த எஞ்சின்கள் பலவற்றில் வெளித்தோற்றம் பளபளக்கிறது. பழைய பழக்கமோ மாறாமல் இருக்கிறது. எங்களுடையது களிம்போடும் ஒட்டோடும் பழையதாகவே தெரிகிறது. மாறியது உள்ளே மட்டும். பழையவற்றைப் பேணுவதென்பது எதை விட்டுவைப்பது, எதை மாற்றுவது என்று தெரிந்தெடுப்பதே என்று இப்போது நினைக்கிறோம். இது எஞ்சினுக்கு மட்டும் பொருந்துவதன்று.