இரண்டு மலைநாடும் நஜ்மா வீடும்

அப்பா வேலை தேடி வந்த தோஹாவில்தான் நான் வளர்ந்தேன். இப்போ என் மகனும் நஜ்மாவில் வளர்கிறான். கத்தாரில் மிக உயரமான இடமே 103 மீட்டர்தான். அதனால் மலை பார்க்க, இரண்டு பெருநாள் விடுமுறையில் ஜார்ஜியாவும் ஆர்மீனியாவும் போய் வந்தோம். கணவருக்கு மனசுக்குள் வேறொரு கணக்கு: இங்கே வேலை போனால் எங்கே போய் வாழ்வது?

சுற்றிப் பார்க்க இரண்டுமே அழகு. ஜார்ஜியாவில் கஸ்பெகி பனிமலை, ஆர்மீனியாவில் செவான் ஏரி. தொழில் என்றால் ஜார்ஜியாதான் சுலபம். கம்பெனி பதிவு ஒரே நாளில் முடியும், கருங்கடலில் துறைமுகமும் உண்டு. ஆர்மீனியாவுக்குக் கடல் இல்லை. துருக்கியும் 1993இல் எல்லையை மூடிவிட்டது. சரக்கு பெரும்பாலும் ஜார்ஜியா வழியாகத்தான் வரணும்.

ஆனா யெரெவானில், எங்க ஊர் சென்னைன்னு சொன்னதும் வழிகாட்டி முகம் மலர்ந்தது. ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகை 1794இல் மெட்ராஸில்தான் அச்சானதாம்! பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்கிறோமே, அது ஆர்மீனியன் தெருதான்.

தமிழ் வகுப்பு என்றாலே முகம் சுளிக்கும் மகன் கேட்டான்: "அவ்ளோ தூரம் வந்தும் அவங்க மொழியை விடலையாம்மா?"

எந்த நாடு என்பது இன்னும் பேச்சில்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை தமிழ் வகுப்புக்கு மட்டும் அவனே கிளம்பிடுறான்.